திரைக்காரி செத்த வெள்ளிக்கிழமை

நிலா, தெற்குக் குடியிருப்பு, அறை 14. வெள்ளி, காலை 7 மணி

பிரமாச்சி எழுதுவது. சமையல்கட்டுக்காரி. காற்று சரி. தண்ணீர் ஒரு வாளி, வாரமெல்லாம் மிச்சம் பிடித்தது. நெஞ்சில் ஒட்டிய சென்சார் வில்லை சரி. அது என் துடிப்பையும் சர்க்கரையையும் மூச்சையும் ஆஸ்பத்திரிக் கணினிக்கு அனுப்புகிறது. அங்கே என்னைப் போலவே ஒருத்தி திரையில் பிழைத்துக்கிடக்கிறாள். டிஜிட்டல் இரட்டை என்பார்கள். நான் திரைக்காரி என்பேன். வைத்தியமெல்லாம் அவளைப் பார்த்துத்தான்.

இன்று எண்ணெய் தேய்க்கும் நாள்.

9 மணி

நல்லெண்ணெய் அடியில் இறங்கி வில்லை வழுக்கி விழுந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. திரைக்காரி செத்துப்போனாள்.

"அறை பதினான்கு, பிரமாச்சி காலமானார்" என்றது ஒலிபெருக்கி. கதவு தானே பூட்டிக்கொண்டது. இங்கே சட்டம் அப்படி. பிணம் கிடக்கும் அறையை அடைத்து, உச்சிப்பொழுதில் காற்றையும் உறிஞ்சிவிடும். தலை நிறையச் சீயக்காயோடு நின்றேன்.

9.30

நர்ஸ் செல்வகனி ஒலிபெருக்கியில் வந்தாள்.

"ஆச்சி, எண்ணெயத் துடைச்சிட்டு வில்லைய ஒட்டுங்க. இரட்டை முழிச்சிக்கிடும், கதவும் தொறந்துரும்."

"ஒட்ட மாட்டேன்."

"வெளையாடாதீங்க. பன்னெண்டுக்குக் காத்த எடுத்துரும்."

"வேற வழி உண்டாட்டி?"

"டாக்டர் நேர்ல வந்து, வெளிய இருந்து தொறந்து, தொட்டுப் பாத்து உசிரு இருக்குன்னு சொல்லணும். இதுவரைக்கும் யாரும் அப்படி வந்ததில்ல."

"வரச் சொல்லு."

10.30

இதைக் கண்டெடுப்பவர்களுக்குக் காரணம் தெரிய வேண்டும். போன பங்குனியில் என் வீட்டுக்காரர் நெஞ்சை அடைக்கிறது என்றார். டாக்டர் சங்கரபாண்டியனைக் கூப்பிட்டேன். சாப்பாட்டு மேசையில் இருந்தார். நான் வார்த்த தோசைதான். "இரட்டை நல்லா இருக்கு ஆச்சி, சுக்குத்தண்ணி குடுங்க" என்றார். எழுந்திரிக்கவில்லை. எங்கள் அறை அடுத்த நடைபாதையில்தான்.

வீட்டுக்காரர் என் மடியில் குளிர்ந்த பிறகும் அவருடைய இரட்டை திரையில் சுகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வில்லையில் கோளாறு என்று முடித்தார்கள். தொட்டுப் பார்க்காத கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்தத் தோசையின் முறுகல்கூட எனக்கு மறக்கவில்லை.

11.15

டாக்டரே பேசினார்.

"வில்லைய ஒட்டுனாத்தானே ஆச்சி எனக்கு ஏதாவது தெரியும்?"

"கண்ணு இருக்குல்லா? கை இருக்குல்லா? வாரும்."

"பழச மனசுல வச்சிக்கிட்டுப் பேசாதீங்க."

"வச்சிருக்கேன். உம்ம திரையில அது ஏறல, பாத்தீரா?"

வில்லையைக் குப்பை எரிக்கும் குழாயில் போட்டேன். இனி எனக்கும் வேறு வழியில்லை, அவருக்கும் இல்லை.

12 மணி

காற்று இறங்குகிறது. காது அடைக்கிறது. எழுத்து கோணல்.

"ஆச்சி, டாக்டர் வாராரு. ஓடி வாராரு" என்கிறாள் செல்வகனி. அழுகிறாள்.

அன்றைக்கு நடந்து வந்திருந்தால் போதும்.

மணி தெரியவில்லை

கதவில் சத்தம். பூட்டோடு மல்லுக்கட்டுகிறார். கண் இருட்டுகிறது. வலது கையை எண்ணெய் போகத் துடைத்து, கதவைப் பார்த்து நீட்டியிருக்கிறேன். வந்து பிடிக்கட்டும். உயிர் இருந்தால் நாடி சொல்லும். இல்லாவிட்டால் இந்தச் சில்லிப்பு அவர் கையை விட்டு ஒருநாளும்