இன்னொரு கை

தஞ்சாவூர்,
ஐப்பசி, மழை நாள்.

அன்புள்ள ஷமா,

இங்கு நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும். பல்கலைக்கழக மின்னஞ்சலில் எழுத மனம் வராமல், உன் தம்பி யூனுஸ் நீ வேலை பார்க்கும் நாட்டுக்கே புறப்படுவதால் அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் சம்பா நடவு முடியும் தறுவாய். நம் ஆய்வுக்குப் பணம் தரும் நிதிக்குழு கார்த்திகையில் கூடுகிறது. நீட்டிப்பு கிடைத்துவிடும் என்று துறையில் இப்போதே பேச்சு. அவர்கள் நம்புவது உன் கட்டுரையை: காலமெல்லாம் சேற்றில் நின்றும் எலிக்காய்ச்சல் அண்டாத இரண்டு பெண்கள், உறவில்லாதவர்கள், ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி மட்டும் அச்சு அசலாக ஒன்று. அவ்வளவு பொருத்தம் எனக்கு முதலிலேயே உறுத்தியது. நீ மறுபடி மறுபடி சோதித்துக் காட்டியதும் பேசாமலிருந்தேன். உன் சோதனையில் தவறில்லை. இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

புரட்டாசிக் கடைசியில் இரண்டாம் முறை ரத்தம் எடுக்கப் போனேன். அந்த இருவரில் ஒருத்தியான சௌந்தரநாயகி கையை இழுத்துக்கொண்டாள். “எனக்கு ஊசின்னாலே மயக்கம் வரும் டாக்டரம்மா. போன தடவ மாதிரி தங்கம்மா அக்காவுக்கே போட்டுடுங்களேன்” என்றாள்.

இன்னொருவரான தங்கம்மாள்தான் நடவுக்கு ஆள் கூட்டி வருபவர். அவர் எதையும் மறைக்கவில்லை. “ஷமா பொண்ணுகிட்ட எனக்கு இந்தக் கையில குடுத்தேன். அடுத்த மேசையில இவ பேரைச் சொல்லி அந்தக் கையில குடுத்தேன். ஒருத்திக்கு முடியலன்னா அவ பங்கையும் நாங்க நட்டுக் குடுக்கறதில்லையா? அது மாதிரிதான்” என்றார். “ரெண்டு கையும் நீட்டுனாளே, ஒரு டீ கூட சேத்து வாங்கிக் குடுத்தீங்களா?” என்று கூட நின்ற நடவுக்காரி ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வண்டியில் ஏறிய பிறகுதான் உன் கட்டுரை நினைவுக்கு வந்தது.

முதல் முறை அவர்கள் இருவர் பெயரிலும் எடுத்து வைத்த மாதிரிகளை மரபணுச் சோதனைக்குக் கொடுத்தேன். ஒரே ஆள்தான்.

வேறு யார் யாருக்காகக் கை நீட்டினார்கள் என்று கேட்டதற்கு, அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்றார் தங்கம்மாள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒவ்வொருவருடைய ரத்தமும் தனித்தனி என்று ஒப்புதல் படிவத்தை நாம் படித்துக் காட்டினோம், தலையாட்டினார்கள். நடவு வயலில் அப்படி யாரும் தனித்தனி இல்லை.

துறைத் தலைவரிடம் சொன்னேன். “கூட்டம் முடியட்டும் மேடம், அப்புறம் பாத்துக்கலாம். யாரு கேக்கப் போறா?” என்றார். யாரும் கேட்க மாட்டார்கள் என்பது உண்மைதான்.

அந்தக் கட்டுரையை வைத்துத்தான் அங்கே உன் வேலையை நீட்டிக்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதைத் திரும்பப் பெறும்படி, வெளியிட்ட இதழுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. நீ முந்திக்கொண்டு அவர்களுக்கு எழுதினால் பிழையைச் சொன்னவள் நீ. நான் அனுப்பினால் பிடிபட்டவள் ஆகிவிடுவாய். குழு கூடுவதற்கு முந்தைய நாள்வரை காத்திருப்பேன், அதற்கு மேல் என்னால் ஆகாது.

தங்கம்மாள் உன்னை விசாரித்தார். “அது வலிக்காம குத்தும். அறுப்புக்கு வரச் சொல்லுங்க” என்றார். வருவாள் என்று சொல்லியிருக்கிறேன். நிதி வந்தாலும் வராவிட்டாலும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். இந்த முறை ஒரே மேசை போடுவோம்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள். உன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஷமா. எழுதிவிடு.

என்றும் உன் நலம் நாடும்,
சந்திரலேகா