சொதிக்கு முன்பு ஒரு வெளிநடப்பு

மாசி 22, திங்கள்

வெயில். மாசியிலேயே இந்தப் போடு போட்டால் சித்திரையில் தாமிரபரணி மீன் வறுபட்டே கரையேறும். காலையில் ஆற்றுக் குளியல். முழங்கால் தண்ணீர்தான். ஆனாலும் அக்கரைக்கு நீந்திப் போய் வந்ததாகவே இங்கே பதிவாகட்டும்.

வேலை: தென்னை ஏறுகிறவனுக்கு ஆள் அனுப்ப. பந்தல்காரர். பிரஷர் மாத்திரை. முகச்சவரம்.

முகச்சவரம் மட்டும் ஆயிற்று. அதுவும் அரை நாள். காரணம், இசக்கி சலூனில் இன்று நாடாளுமன்றத்தின் இரு சபைகளும் கூடியிருந்தன. வெளிநாட்டில் போய்க் கையெழுத்துப் போட்ட உலக வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறதே, அதற்குத் தக்கபடி நம் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்த மசோதா வந்திருக்கிறது. மருந்து விலை ஏறும், விதைநெல்லுக்குக் கம்பெனிக்காரன் வாசலில் நிற்க வேண்டும் என்று ஒரு வருஷமாக அம்பாசமுத்திரம் முழுக்க இதே பேச்சு. நம்ம எம்.பி. போன மாசம்தான் ஆற்றுப்பாலத்துப் பக்கம் மேடை போட்டு, ஒரு நெற்கதிரைத் தலைக்கு மேல் பிடித்து, இதற்காக உயிரையும் விடுவேன் என்றார். கைதட்டில் பாலம் ஆடியது. என் கைதட்டுதான் காரணம்.

இன்று பேப்பரில் சேதி. மசோதா கீழ்ச்சபையில் நிறைவேறிவிட்டது. நம்ம எம்.பி. உயிரை விடவில்லை. சபையை விட்டார். கட்சியோடு வெளிநடப்பு. எதிர்க்க வேண்டியவர்கள் எல்லாம் எழுந்து வெளியே போக, உள்ளே இருந்தவர்கள் காற்றாட உட்கார்ந்து நிறைவேற்றிக்கொண்டார்கள்.

ஒரு கன்னம் மழித்து மறு கன்னம் சோப்பு நுரையோடு இருந்த வயல்காரர் ஒருவர் நாற்காலியிலிருந்தே கேட்டார். "வயல்ல மாடு மேயுதுன்னு ஒருத்தன அனுப்புதோம். அவன் மாட்டப் பாத்துக் கோவப்பட்டு வீட்டுக்கு வந்துட்டேங்கான். இவன என்ன செய்ய?"

சபை கொந்தளித்தது. இசக்கி கத்தியைத் தூக்கிக்கொண்டே பேசியதால் யாரும் அவனை மறுக்கவில்லை. அடியேன் எழுந்து, அந்த மனுஷர் என் கண்ணில் பட்டால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன், டெல்லிச் செங்கோட்டை விரிசல் விடும் என்று சபதம் செய்தேன். வரும் வழியில் கேள்வியைத் தயார் செய்தேன். நான்கு பிரிவு, உட்பிரிவுகள், ஒரு முன்னுரை.

மாத்திரை வாங்க மறந்தாயிற்று.

மாசி 23, செவ்வாய்

அதே வெயில். தங்கை காந்திமதி (இனி கா.) காலையிலேயே அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். முகத்தில் இடி, மின்னல், கூடவே சூறைக்காற்று.

விஷயம் இது. வெள்ளிக்கிழமை அவள் மகள் கோமதிக்குக் கல்யாணம். சனிக்கிழமை நம் வீட்டில் மறுவீடு. மாப்பிள்ளை வீட்டாருக்கு நாம் போடுகிற தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாடு. அதற்கு எம்.பி. வருகிறாராம். மாப்பிள்ளையின் அப்பா சங்கரலிங்கம் அந்தக் கட்சியின் சேரன்மகாதேவி ஒன்றியப் புள்ளி. சபை நடக்கிற காலம், சனி ஞாயிறுதான் ஊர்ப்பக்கம் வருவார் என்று தெரிந்து, எழுதிக் கேட்டுச் சம்மதம் வாங்கியிருக்கிறார்.

என் மனத்தில் வாண வேடிக்கை. வெளியே காட்டவில்லை. ஆனால் கா. நாற்பத்தெட்டு வருஷமாக என் மூஞ்சியைப் படித்தவள்.

"எண்ணே, நீ என்ன நெனைக்கேன்னு எனக்குத் தெரியும். சலூன்ல பேசுனது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டு. சம்பந்தி மனுசன் நிச்சயதார்த்தத்துல சந்தனம் மொதல்ல தரலைன்னு பாதியில எந்திரிச்சுப் போனவரு. மாலையும் கழுத்துமா நிக்க பிள்ளய அவரு வீட்டுல காலம்பூரா குத்திக் காட்டவா?"

சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அதோடு என் செங்கோட்டையும் இடிந்தது. கோமதி என்றால் எனக்கு என்ன என்பது இந்த நோட்டுக்குக்கூடத் தெரிய வேண்டாம்.

விளக்கைத் தொட்டுச் சத்தியம்: ஒப்பந்தம், மசோதா, சட்டம், விதை, டெல்லி ஆகியவை பற்றி எம்.பி.யிடம் ஒரு சொல் பேசமாட்டேன். யோசித்து, 'வெளிநடப்பு' என்பதையும் சேர்க்கச் சொன்னாள். ஆயிரம் யானைகளை வென்ற சேனாபதி தங்கையின் சமையலறையில் ஆயுதத்தை ஒப்படைத்தான்.

மத்தியானம் வற்றக்குழம்பு. நன்றாக இருந்தது. தோல்விக்குப் பிறகு பசி அதிகம்.

மாசி 24, புதன்

பிசானப் பருவத்து அறுவடை நெல் மச்சில் காய்கிறது. கோமதி மருதாணிக் காலோடு அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். கா. கீழேயிருந்து சத்தம் போட, பாதிக் காலால் கிளறினாள். அது எப்படி என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

நிறைநாழிக்கு நெல் அவளே பொறுக்கினாள். கல்யாணப் பெண் புகுந்த வீட்டுக்குள் நுழையும்போது கொண்டுபோகிற படி நெல். பதர் இல்லாமல், பால் பிடித்த மணியாக. நம் வயலில் நாமே வருஷா வருஷம் எடுத்து வைக்கிற விதை. நம்மிடம் வேறென்ன வைரம் இருக்கிறது.

"மாமா, வெளிநடப்புன்னா அப்புறம் ஓட்டு எண்ணும்போது அவங்களைச் சேப்பாங்களா, சேக்கமாட்டாங்களா?"

சத்தியம் எம்.பி.யிடம் பேசுவது பற்றித்தான். ஆனாலும் சத்தியவான் என்று பேரெடுக்க ஆசை. வாயைப் பொத்திக்கொண்டு, கீழே தேங்காய் எண்ண வேண்டும் என்று தப்பித்தேன். திரும்பிப் பார்த்தால், தையல்காரர் ரவிக்கை சுற்றிக்கொடுத்த பேப்பரை நின்றபடியே படித்துக்கொண்டிருக்கிறாள். நெல் கிளறவில்லை.

தவசுப்பிள்ளை ஆறுமுகம் சமையலுக்குச் சாமான் சொன்னார்: தேங்காய் (மலையளவு), பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளை, பீன்ஸ், கேரட், எலுமிச்சை. துவையலுக்கு இஞ்சி. தேங்காய்த் தலைப்பால் ஊற்றியபின் கொதிக்கவிட்டால் சொதி திரிந்துபோகும், ஆகையால் இலை போட்டுச் சொன்னதும் ஜனம் வந்து உட்கார வேண்டும், ஒரு நிமிஷம் தாமதித்தாலும் தான் பொறுப்பில்லை என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நம் வீட்டில் பந்திக்கு அழைப்பது தாய்மாமன் வேலை.

இந்தத் தகவலை ஏனோ பலமுறை நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

மாசி 26, வெள்ளி

கல்யாணம் ஆயிற்று. நாதஸ்வரம், காபி, கூட்டம், காபி. மாலை நான் எடுத்துக் கொடுத்தது. ஹோமப் புகை கண்ணில் பட்டது. மண்டபத்தில் வேறு யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணில் மட்டும்.

மாப்பிள்ளை நல்ல பையன். என் மூன்று நகைச்சுவைக்குச் சிரித்தான். நான்காவது நகைச்சுவை இல்லை, உண்மைச் செய்தி, அதற்கும் சிரித்தான்.

நிறைநாழியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காரில் ஏறினாள். ஒரு மணி சிந்தவில்லை. கார் சேரன்மகாதேவி ரோட்டில் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தோம். கா. அழுதாள். நான் பந்தல்காரரோடு சும்மா சண்டை போட்டேன்.

மாசி 27, சனி

எழுதக் கை பரபரக்கிறது. வரிசையாக எழுத வேண்டும்.

பதினொரு மணிக்கு மணமக்களும் சேரன்மகாதேவிக்காரர்களும் வந்தார்கள். பின்னாலேயே எம்.பி. நல்ல சிரிப்பு, வெள்ளை வேட்டி, கூட வந்தவர்கள் எல்லாரும் அதே வெள்ளை. முற்றத்தில் கொக்குக் கூட்டம் இறங்கினாற்போல. சம்பந்தி சங்கரலிங்கத்துக்கு உயரம் ஒரு சாண் கூடிவிட்டது. நான் கும்பிட்டேன். 'வாங்க' என்றேன். அந்த ஒரு சொல் சத்தியத்துக்கு உட்பட்டதே. கா. தூணுக்குப் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாழ்த்துரை என்று பந்தல் மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்தார்கள். மணமக்களை வாழ்த்தியது ஒரு வாக்கியம். பிறகு டெல்லி. சபையில் தாம் எப்படிச் சீறினார், எப்படி எழுந்தார், எப்படி வெளியே நடந்தார். நடந்ததை மேடையில் நடந்தே காட்டினார். கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். இசக்கி என் தோளில் இடித்தான். என் கேள்வி நான்கு பிரிவோடும் முன்னுரையோடும் நெஞ்சில் ஏறி மிதித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். விளக்கு, கா.வின் முகம், சந்தனக் கிண்ணம்.

அப்போது தவசுப்பிள்ளை அடுப்படி வாசலில் வந்து நின்று தலையை ஆட்டினார். தலைப்பால் ஊற்றியாயிற்று.

என் கடமை. தாய்மாமனின் கடமை. எம்.பி. இரண்டாம் முறை எழுந்து நடக்கத் தொடங்கிய அந்த நேரத்தில், பொதிகை மலை எதிரொலிக்கிற குரலில், மூன்றே சொல் சொன்னேன்:

"பந்திக்கு இலை போட்டாச்சு."

மறுவீட்டுச் சொதி என்றால் நெல்லைச் சீமைக்காரன் எதற்குக் காத்திருப்பான். முன்வரிசை எழுந்தது. பின்வரிசை முன்வரிசையைத் தாண்டியது. வெள்ளை வேட்டிக் கொக்குகளும் எழுந்தன. கண் மூடித் திறப்பதற்குள் மொத்தச் சபையும் வெளிநடப்பு. மேடையில் எம்.பி.யும் போட்டோக்காரரும் மட்டும். போட்டோக்காரரும் கேமரா பையை மூடிக்கொண்டிருந்தார். கடைசியில் எம்.பி. மைக்கைத் தாமே அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

பந்தி. எம்.பி., பக்கத்தில் சம்பந்தி, எதிர் வரிசையில் நான். மறுவீட்டில் சொதியின் முதல் கரண்டியை மணப்பெண் பரிமாறுவது எங்கள் வீட்டு வழக்கம். கோமதி வாளியோடு வந்தாள். எம்.பி. சோற்றில் குழி செய்து காத்திருந்தார். கரண்டியில் சொதியை மொண்டாள். இலைக்கு மேலே கொண்டுவந்தாள். ஊற்றவில்லை.

"சார், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"நேத்து நிறைநாழில எங்க வீட்டு நெல்லு கொண்டுக்கிட்டு மாமனார் வீட்டுக்குப் போனேன். அத அவுக வயல்ல விதைக்கணும்னு அத்தை எடுத்து வச்சிருக்காக. இனிமே அப்படி விதைக்கலாமா, யாருட்டயாவது கேக்கணுமா?"

என் நான்கு பிரிவுகளும் அங்கேயே உதிர்ந்தன. கா.வின் கையிலிருந்த அப்பளக் கூடை சரிந்தது. எம்.பி., அது வேறு, இது வேறு, பயப்பட வேண்டாம், நாங்கள்தான் எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டோமே என்றார். கரண்டி அசையவில்லை. ஆவி மட்டும் எழும்பியது.

"ஓட்டு எண்ணும்போது வெளிய நின்னவங்களையும் சேத்தா சார் எண்ணுனாங்க?"

பந்தியில் ஒருவரும் வாயில் சோறு வைக்கவில்லை. எம்.பி. இலையைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். பசி மனுஷரை உண்மைக்குக் கொண்டுவருகிறது. மெதுவாகச் சொன்னார்.

"இல்ல தாயி. மசோதாவ நான் முழுசாப் படிக்கக்கூட இல்ல. கட்சி எந்திரிச்சுது, நானும் எந்திரிச்சேன்."

நான் சம்பந்தியின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. அவர் மேல்துண்டை எடுத்து உதறினார். போச்சு, எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். துண்டை மடியில் போட்டுக்கொண்டு நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"அது எங்க வீட்டு வயலு, அண்ணாச்சி. நானும் பேப்பர் பாத்ததுலேர்ந்து கேக்கணும் கேக்கணும்னு நெனச்சேன். எனக்கு வாய் வரல. எம்மருமவ கேட்டுட்டா." பிறகு அவளிடம்: "மசோதா மேல்சபைக்கு இன்னும் போகலலா. அங்கன உள்ள நம்ம கட்சி ஆளுங்களையாவது உக்காரச் சொல்லுதேன்னு அண்ணாச்சி சொல்லட்டும். பொறவு ஊத்து."

சொன்னார். ஊற்றினாள்.

மூன்று முறை சொதி வாங்கிச் சாப்பிட்டார் எம்.பி. இஞ்சித் துவையலும் கேட்டார். நான் ஐந்து முறை. திரியவில்லை, தேவாமிர்தம்.

மாசி 28, ஞாயிறு

லேசான மேகம். ஆற்றுக் குளியல். முழங்கால் தண்ணீர், உண்மையாகவே.

காலையில் இசக்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். பிள்ளைக்கு அருமையாகச் சொல்லிக் கொடுத்தீரே என்றான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை என்றேன். உமக்கு அடக்கம் வேறயா அண்ணாச்சி என்று போய்விட்டான். ஊரெல்லாம் இதே. பந்திக்கு அழைத்ததை, நான் ஆசைஆசையாகச் செய்த அந்த ஒரே குற்றத்தை, நேரம் பார்த்துக் கூப்பிட்டுச் சொதியைக் காப்பாற்றினார் என்று தவசுப்பிள்ளை புகழ்கிறார். செய்யாத குற்றத்துக்கு மாலை விழுகிறது.

கா. பேசவில்லை. விளக்கின் மேல் சத்தியம் செய்துவிட்டுப் பிள்ளையை ஏவிவிட்டாயே என்று பாத்திரங்கள் வழியாகப் பேசுகிறாள். பிறந்ததிலிருந்து முதல் முறையாக நான் நிரபராதி, சொன்னால் நம்ப ஆளில்லை.

சேரன்மகாதேவியிலிருந்து சம்பந்தி ஆள் அனுப்பியிருந்தார். கார் பருவச் சாகுபடிக்கு நம் விதைநெல் ஒரு மூட்டை வேண்டுமாம். கா.விடம் சொன்னேன். பாத்திரச் சத்தம் கொஞ்சம் குறைந்தது.

சாயங்காலம் மணமக்கள் கிளம்பினார்கள். கோமதி கும்பிட்டு எழுந்து, காதோரம்:

"மாமா, நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்கன்னு அம்மாட்ட சொல்லிட்டேன். இல்லன்னா என்னய ஏசும்லா."

திருநீறு பூசிவிட்டேன். வேறென்ன செய்ய. வாரிசு என்று ஒன்று வேண்டும்.

உள்ளே போய்க் கா.விடம் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். காபி வந்தது. சர்க்கரை இல்லை.