வண்டியில் வந்த பதினொரு பேர்

மார்ச் 3, திங்கள்

பின்சக்கரத்தில் காற்று கம்மி. நிரப்பிவிட்டு ஆறரைக்குக் கிளம்பினேன். கதிர்வீச்சு சிகிச்சைக்காகப் பதினொரு பேரை வீடு வீடாக ஏற்றி மருத்துவமனையில் இறக்க வேண்டும், முடிந்ததும் கொண்டுவந்து விட வேண்டும். வாரத்தில் ஐந்து நாள், ஒன்பது வருடமாக இதே ஸ்டியரிங். சம்பளம் ஓட்டுவதற்கு. பேசுவது என் சொந்தச் செலவு.

மகள் சமூகப்பணி முதுகலை, கடைசி வருடம். புற்றுநோயாளிகளின் மனக் கஷ்டத்தைக் கவனிப்பது பற்றி மாணவர்கள் செய்யும் ஆராய்ச்சிக்கு ஒரு விருது இருக்கிறதாம். மாதக் கடைசிக்குள் கட்டுரை போக வேண்டும். நாற்பது நோயாளிகளிடம் படிவம் கொடுத்திருக்கிறாள், அதில் பதினொன்று என் வண்டி. மனசு எவ்வளவு கஷ்டப்படுகிறது என்று சைபரிலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணுக்கு வட்டம் போட வேண்டும். கஷ்டமே இல்லை என்றால் சைபர். சிகிச்சை தொடங்கியபோது ஒரு முறை போட்டாயிற்று. நடுவில் மருத்துவமனையின் மனநல ஆலோசகர் அம்மா எல்லோருடனும் பேசினார். இப்போது இரண்டாம் முறை. எண் குறைந்திருந்தால் பேசியதில் பலன் என்று அர்த்தம்.

விருது அவளுக்குத்தான். என் மூளை அவளுக்கு வரவில்லை, அதிலேயே பாதி ஜெயித்துவிட்டாள்.

மார்ச் 5, புதன்

இன்று இரண்டாவது படிவம். வழியிலேயே வண்டியில் சொல்லி வைத்தேன்: "நம்ம பொண்ணு பரிசுக்கு நிக்குது. சின்ன நம்பரா பாத்துப் போடுங்க."

"இதென்ன பிரமாதம், ஜமாய்ச்சிடலாம்" என்றார் பாட்டு டீச்சர். நடு சீட்டுக்காரர், "சைபருக்குக் கீழ இருந்தா அதையும் போட்ருவேன்" என்றார். ஒரே சிரிப்பு. நல்ல ஜனங்கள்.

மார்ச் 6, வியாழன்

டீசல். ஆயில் மாற்றணும்.

மார்ச் 12, புதன்

மகள் வீட்டுக்குள் வரும்போதே முகமெல்லாம் பல். எல்லோருக்கும் எண் கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம், வண்டியில் வருகிறவர்களுக்கு மட்டும் தடாலென்று.

"சேர்ந்து பேசிட்டு வர்றாங்கல்லப்பா, அதுதான் காரணம்னு நெனைக்கிறேன். எங்க புரொபசர் மேடமே அசந்துட்டாங்க. கட்டுரையில அதத்தான் முன்னாடி வைக்கப் போறேன். உங்க வண்டிதான் மருந்து."

என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இவரு பேச்சு மருந்தா? எனக்குத் தலவலிதான வருது."

எனக்குக் கால் தரையில் இல்லை. படிவத்தைப் பற்றி நான் வண்டியில் பேசியது — சத்தியமாக அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை. பாராட்டு வந்தால் எனக்குக் காது மட்டும்தான் வேலை செய்யும்.

மார்ச் 13, வியாழன்

டெய்லர் அண்ணன் என் பக்கத்து சீட்டில்தான் வருவார். இன்று எல்லோரையும் இறக்கிய பிறகு அவர் மட்டும் இருந்தார். கண்ணெல்லாம் சிவப்பு.

"என்னண்ணே, ராத்திரி தையலா?"

"தூங்கி மூணு வாரம் ஆச்சு தம்பி. படுத்தா மூச்சு நின்னுடும்னு தோணுது. உக்காந்தே இருக்கேன்."

"படிவத்துல போட்டிருக்கலாம்ல?"

"ஒம்போதுன்னுதான் கை போச்சு. நீ கேட்டுக்கிட்டியேன்னு ரெண்டு போட்டேன். பொண்ணு பரிசு வாங்கட்டும்."

அவர் மெதுவாக இறங்கிப் போனார். எனக்கு கியர் மாற்ற ஞாபகம் இல்லை. ஏண்டா, இது உனக்குத் தேவையா?

மார்ச் 14, வெள்ளி

மகளிடம் சொல்லவில்லை. அவள் கட்டுரையை நாலு பக்கம் எழுதி முடித்துவிட்டாள். இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் தண்ணீர் கேட்டேன்.

மார்ச் 15, சனி

சொல்லிவிட்டேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. கம்ப்யூட்டரை மூடிவிட்டுக் கேட்டாள்: "எத்தன பேர்கிட்ட சொன்னீங்க?"

"பதினொரு பேர்கிட்டயும்."

"நாலு, அதுக்கு மேல போட்டா ரெண்டு நாளுக்குள்ள ஆலோசகர் திரும்பப் போய்ப் பாப்பாங்கப்பா. கம்மியா போட்டவங்கள யாரும் கூப்பிட மாட்டாங்க."

அது எனக்குத் தெரியாது. தெரியாது என்பது ஒரு பதிலா? பள்ளிக்கூடத்தில் பார்த்து எழுதியவன் புத்தி. நல்ல நம்பர் வந்தால் பாஸ் என்று நினைத்துவிட்டேன். அதில் ஒரு மனுஷன் இந்தப் பத்து நாளும் உட்கார்ந்தே விடிய விடியக் கிடந்திருக்கிறான்.

"விருது போயிடுமா?" என்றேன்.

"அத அப்புறம் பாக்கலாம். டெய்லர் வீடு எங்க இருக்கு?"

அவளே ஆலோசகருக்கு போன் போட்டாள். என் மனைவி தட்டை வைத்தாள், கொஞ்சம் சத்தமாக.

மார்ச் 17, திங்கள்

மகளின் பேராசிரியை கூப்பிட்டு அனுப்பினார். நான் வண்டியில் பேசியதை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னார். ஒரு பக்கம் எழுதினேன். பத்தாவதுக்குப் பிறகு இவ்வளவு நீளமாக எழுதியது இந்த டைரி தவிர வேறில்லை. அடித்தல் திருத்தல் ஏழு.

பதினொரு படிவமும் கணக்கில் சேராது. வேறு ஆட்கள் தனித்தனியாக உட்கார வைத்து மறுபடி கேட்பார்கள், அதைக் கட்டுரையில் தனியாகச் சொல்வார்கள்.

"கோபமா மேடம்?"

"இருக்கு. ஆனா ஓட்டுனர் ஒரு வார்த்தை சொன்னதும் பதினொரு பேரும் கஷ்டத்த மறைச்சிட்டாங்க. வீட்ல இருக்கவங்களுக்காக எவ்வளவு மறைப்பாங்கன்னு நாங்க யோசிக்கவே இல்ல."

சாயங்காலம் வண்டியில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். "எங்களுக்கு வாய் இல்லையா? நாங்களுந்தான் போட்டோம்" என்றார் பாட்டு டீச்சர்.

மார்ச் 21, வெள்ளி

மறுபடி கேட்டாயிற்று. பதினொன்றில் ஏழு பேருக்கு நாலோ அதற்கு மேலோ. ஏழு. இவர்களைத்தான் தினமும் சிரிக்க வைத்துக் கூட்டிவந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டெய்லர் அண்ணனுக்கு ஆலோசகர் மூன்று முறை நேரம் கொடுத்துவிட்டார். டாக்டர் மாத்திரையும் எழுதினார். நேற்று நாலு மணி நேரம் தூங்கினாராம்.

மார்ச் 28, வெள்ளி

கட்டுரை போய்விட்டது. வண்டிதான் மருந்து என்ற பக்கம் அதில் இல்லை. அந்த இடத்தில் என் தப்பு ஒரு முழுப் பக்கம். 'நோயாளிகள் நம்பும் ஒரு பணியாளர்' என்று எழுதியிருக்கிறாள்.

"அப்பான்னு போடலையா?"

"போட்ருக்கேன், அடுத்த வரியில. மறைக்கக் கூடாதுல்ல."

மே 9, வெள்ளி

மத்தியானம் மருத்துவமனை வாசலில் வண்டிக்குள் இருக்கும்போது போன். "ரெண்டாவது பரிசுப்பா."

"மொதப் பரிசு யாருக்கு?"

"குழந்தை நோயாளிங்களோட அண்ணன் அக்காக்களப் பத்தி ஒரு பொண்ணு எழுதியிருந்தா. அவளுக்குத்தான் குடுக்கணும், அவ்வளவு நல்லா இருந்துச்சு. நடுவருங்க எங்கிட்ட முக்காவாசி அந்த ஒரு பக்கத்தப் பத்தித்தான் கேட்டாங்க."

"சிரிச்சாங்களா?"

"மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் எழுதிக்கிட்டாங்க."

டெய்லர் அண்ணன் பரிசோதனைக்கு வந்திருந்தார். திரும்பும்போது கடைசியாக இறங்குகிறவர் அவர்தான். பரிசு விஷயம் சொன்னேன், என் தோளைத் தட்டினார். கொஞ்ச தூரம் போனதும் அவராகவே பேச ஆரம்பித்தார். அடுத்த ஸ்கேன் மூன்று வாரத்தில். கடையை யாரிடம் கொடுப்பது என்று மனைவியிடம் கேட்கத் தைரியம் வரவில்லை, கேட்டால் அவள் உடைந்துவிடுவாள். எனக்கு நாலு ஜோக் ஞாபகம் வந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை.

அவர் வீட்டு வாசல் வந்தது. அவர் இன்னும் முடிக்கவில்லை. இன்ஜினை அணைத்தேன்.