என் புட்டுப்பொடியில் உன் செம்மீன்

இன்று காலை அரிசிமாவை உலர்த்தலாம் என்று கிச்சனில் டிரையரின் கதவைத் திறந்தேன். செம்மீன் வாசம், உன் இறால் வாசம், முகத்தில் அறைந்தது. நேற்றே எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்து, ஆப்பச்சோடா கரைத்துக் கழுவி, தட்டுகளை வெயிலில் காயவைத்து எடுத்தவள் நான். என்ன பிரயோசனம்? நீ போய் ஒரு மழைக்காலம் முழுசாகக் கழிந்துவிட்டது. நீ இல்லாத கிச்சனுக்குச் செம்மீன் எப்படி வந்தது என்று கேட்பாய். எல்லாம் நீ இழுத்துவிட்டுப் போன வேலைதான். குறுக்கே பேசாமல் கேள், இப்போதாவது.

மட்டாஞ்சேரியில் அந்தப் பழைய மிளகுக் கிடங்கைக் கழுவி, ஓடு மாற்றி, பொதுக் கிச்சன் ஆக்கியபோது முதலில் ஓடிப்போய்ப் பேர் கொடுத்தவள் நீ. என்னைக் கேட்காமலே என் பேரையும் சேர்த்துக் கொடுத்தாய். வீட்டு அடுப்பில் செய்து அக்கம்பக்கத்தில் விற்றுக்கொண்டிருந்த நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே பெரிய அடுப்பு, அரைக்கிற மெஷின், டிரையர், பாக்கெட் ஒட்டுகிற மெஷின் எல்லாம் பொது. ஆளுக்கொரு நேரம். காலையில், உப்புமண்ணில் விளைகிற பொக்காளி அரிசியில் என் புட்டுப்பொடி. மத்தியானம் உன் செம்மீன் சம்மந்திப்பொடி. காய்ந்த இறாலையும் தேங்காயையும் மிளகாயையும் வறுத்து இடிக்கிற அந்தப் பொடிக்கு ஆலுவாவிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக மீன் கிடையாது என்பது சின்ன வயதிலிருந்தே உனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு அடுத்த நேரத்தையே கேட்டு வாங்கினாய்.

டிரையரில் மீன் வைத்தால் அன்றே கழுவ வேண்டும் என்று மானேஜர் சுவரில் எழுதி ஒட்டியிருந்தாள். நீ கழுவின லட்சணம் தட்டுக்குத்தான் தெரியும். ஒரு தடவை என் புட்டுப்பொடி மொத்தமும் திருப்பூணித்துறைக் கடையிலிருந்து திரும்பி வந்தது. கோவில் தெருக்காரர்கள் வாங்குகிற கடை அது. புட்டு அவிக்கும்போது மீன் மணக்கிறது என்று ஒரு மாமி கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாளாம். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன், நீ அந்தப் பாக்கெட்டில் ஒன்றைப் பிரித்து, புட்டு அவித்து, என் முன்னாலேயே சாப்பிட்டாய்.

"நல்லாத்தானேடி இருக்கு? ஒரே வயல்ல நெல்லும் செம்மீனும் கெடக்குது. அதுங்களுக்குள்ள ஒரு வழக்கும் இல்ல. உனக்கு மட்டும் என்னடி?"

நீ சொன்னது நாம் இரண்டு பேரும் சரக்கெடுக்கிற வயலை. செல்லானம் பக்கத்துச் சேட்டனின் வயலில் மழைக்காலத்தில் பொக்காளி நெல். அறுவடை முடிந்து உப்புத்தண்ணீர் ஏறியதும் அதே வயலில் செம்மீன். நெல்லை நான் எடுத்தேன், செம்மீனை நீ எடுத்தாய். நீ சொன்னது நியாயம்போலத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். வயலை யாரும் அடுத்த நாள் கழுவித் தரச் சொல்வதில்லையே என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்குத் தோன்றியது. உன்னிடம் சொல்ல வேண்டிய பதிலெல்லாம் எனக்கு எப்போதும் வீட்டுக்குப் போன பிறகுதான் தோன்றும்.

அதைவிடப் பெரிய கொடுமை உன் வறுவல். நான் பாக்கெட் ஒட்டி முடிப்பதற்குள் நீ அடுப்பில் உருளியை ஏற்றிவிடுவாய். முதலில் தேங்காய் மணக்கும், அதுவரை சரி. அப்புறம் இறால் சேரும். புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு பொறுத்துப் பொறுத்துப் பார்ப்பேன். ஒரு கட்டத்தில் தொண்டை வரைக்கும் வந்துவிடும். "எடி, போதும்டி! தீய அணை! மனுஷி இருக்கறதா சாகறதா?" என்று கத்துவேன். "ஆச்சுடி, ஆச்சு" என்று அப்போதுதான் சாவகாசமாக அடுப்பை அணைப்பாய். அதற்கு முன்னால் யார் வந்து சொன்னாலும் அணைக்க மாட்டாய். ஒருநாள் மானேஜர் வந்து ஆயிற்றா என்று கேட்டதற்கு என்னைக் கைகாட்டி, "இவ இன்னும் திட்டலயே, ஆகல" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். வேண்டுமென்றே என்னைச் சீண்டுகிறாய் என்றுதான் நினைத்தேன்.

ஒரு கல்யாணத்துக்கு நான் ஆலுவா போன அன்றைக்கு உன் பொடி வெளுத்துப்போய், பச்சை வாடையோடு வந்ததே, நினைவிருக்கிறதா? "எல்லாம் உன்னாலதான். ஆரு உன்ன கல்யாணத்துக்குப் போகச் சொன்னது?" என்று என் மேலேயே பாய்ந்தாய். நீ கெடுத்த பொடிக்கு நான் சாப்பிட்ட கல்யாணச் சாப்பாடு எப்படிக் காரணம் என்று இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை.

எதையும் இழுத்தடிக்கிறவள் நீ. போவதை மட்டும் என்ன அவசரமாக முடித்துக்கொண்டாய்! காய்ச்சல் என்றார்கள், ஆஸ்பத்திரி என்றார்கள், நான் கஞ்சி எடுத்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தை பிறந்ததும் சேட்டன் கிச்சன் வாசலில் ஐஸ் பெட்டியோடு வந்து நின்றார். நீ போனது அவருக்குத் தெரியும், சாவுக்கு வந்தவர்தான். "இந்தத் தவணை முழுசும் எடுத்துக்கறேன்னு அவங்க பறஞ்சிருந்தாங்க. நான் வேற ஆருக்கும் கொடுக்கல," என்றார். எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "செம்மீன் வித்துப் போகலன்னா நெல்லு மட்டும் வச்சு அந்த வயல நடத்தறது கஷ்டம் சேச்சி. அடுத்த மழைக்கு விதைக்கறது சந்தேகம்தான்," என்றார். அவர் விதைக்காவிட்டால் என் புட்டுப்பொடியும் இல்லை. உள்ளேயிருந்து மானேஜர் வேறு தலையை நீட்டினாள். உன் மத்தியான நேரத்தைக் கேக் செய்கிற பெண்கள் கேட்கிறார்களாம். அதே ருசியில் பொடி வந்தால் நேரம் என் பேருக்கு. இல்லாவிட்டால் இனிமேல் கிச்சனில் மீனே கிடையாது. செய்து பார்க்க ஒரு கூடை இறால் மட்டும் கொடுத்துவிட்டு, பதில் தெரிந்ததும் மீதியை இறக்குகிறேன் என்று சேட்டன் போனார்.

ஆக, வாழ்நாளில் மீனை வாயில் வைக்காத நான் உன் சம்மந்திப்பொடியை வறுத்துத் தர வேண்டும். பார்த்தாயா உன் வேலையை?

உலர்த்துவதும் கலப்பதும் வருஷக்கணக்காகப் பக்கத்தில் இருந்து பார்த்ததுதான். மூக்கையும் வாயையும் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு, கண்ணால் நிறம் பார்த்து வறுத்து இறக்கினேன். ருசி பார்க்க எனக்கு நாக்கு வரவில்லை. மானேஜரிடம் கொடுத்தேன். ஒரு சிட்டிகை வாயில் போட்டவள், "கொள்ளாம், நல்லாருக்கு. பட்சே இது அவங்களோடது இல்ல சேச்சி," என்றாள். வேண்டுமானால் நாளைக்கு இன்னொரு தடவை செய்து பார்க்கலாம், அதற்கு மேல் அவளால் கேக்காரப் பெண்களைக் காக்கவைக்க முடியாது. வீட்டுக்குப் போய் உன்னை வாய்விட்டுத் திட்டினேன். அழுதேன் என்றும் வைத்துக்கொள்.

மறுநாளும் துண்டைக் கட்டிக்கொண்டுதான் ஆரம்பித்தேன். அடுப்புச் சூட்டில் மூச்சு முட்டியது. போடா என்று துண்டை அவிழ்த்து எறிந்தேன். தேங்காய் மணந்தது. இறால் மணந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். தொண்டை வரைக்கும் வந்தது. என்னை அறியாமல் உன் பேரைச் சொல்லி, "எடி, போதும்டி! தீய அணை!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் கரண்டி என் கையில் இருப்பது தெரிந்தது. அணைத்தேன்.

இடித்த பொடியை வாயில் போட்ட மானேஜர் இன்னொரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டாள். பிறகு, "இது அவங்களேதான் சேச்சி," என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சேட்டனைக் கூப்பிட்டுப் பெட்டியை இறக்கச் சொன்னேன்.

எனக்கு வந்த கோபத்தைக் கேள். இத்தனை வருஷமும் என் மூக்கை வைத்துப் பதம் பார்த்திருக்கிறாய். என் கத்தலைக் கேட்டுத்தான் அடுப்பை அணைத்திருக்கிறாய். எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லவும் செய்தாய், சிரித்துக்கொண்டு சொன்னதால் நான் நம்பவில்லை. நேராகச் சொல்லியிருந்தால் இன்னும் நாலு வார்த்தை கூடத் திட்டியிருப்பேனே!

இன்றைய புட்டுப்பொடியை ஆற வைத்திருக்கிறேன். அதிலும் லேசாக மணக்கிறதோ என்று சந்தேகம்தான். திருப்பூணித்துறைக்கு இந்த வாரம் அனுப்பப்போவதில்லை. சேட்டன் மறுபடி விதைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இனி மத்தியானம் உருளியை ஏற்ற வேண்டும். நேரம் வந்ததும் உன் பேரைச் சொல்லித்தான் கத்துவேன், வேறு எப்படியும் எனக்கு அந்தப் பதம் பிடிபடவில்லை. புதிதாக வந்தவர்கள் யாரைத் திட்டுகிறேன் என்று திரும்பிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். கத்திவிட்டு, "ஆச்சுடி, ஆச்சு" என்று நீ சொல்லும் அளவுக்கு ஒரு நொடி நிற்கிறேன். அப்புறம் நானே அடுப்பை அணைத்துக்கொள்கிறேன்.