இந்த வாரம் ஈரல் இல்லை

வான்கூவர்,
ஞாயிறு காலை

அன்புள்ள அப்பாவுக்கு நோரீன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? பனிக்கட்டி விலகுமுன் படகை இறக்கிவிடவில்லையே? நான் நலம். ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று கேட்டிருந்தீர்கள். சாப்பிடுகிறேன், பெரும்பாலும் ஈரல்தான்.

எங்கள் ஆய்வகத்து வழக்கம் அது. மரபணு மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துளிக்குள் பொதிந்து எலிக்கு ஊசி போடுகிறோம். மருந்து சேர்ந்த இடம் படத்தில் மினுங்கும். நுரையீரலுக்கு என்று அனுப்பினாலும் துளி நேரே ஈரலுக்குத்தான் ஓடும். யார் செய்த துளி ஓடியதோ, அவர் எல்லோருக்கும் வெங்காயம் போட்டு ஈரல் வறுத்துக் கொண்டுவர வேண்டும். அதிகம் வறுத்தவள் நான்தான்.

வியாழனன்று திரையில் வெளிச்சம் தெரிந்ததுமே, கடைக்குப் போக எழுந்துவிட்டேன். கூட வேலை பார்க்கும் ஒக்சானா கையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருடி. நல்லாப் பாரு, ஈரல் இருட்டாக் கெடக்கு. நுரையீரல்தான் மினுங்குது."

மங்கலாகத்தான், அப்பா. அதுவும் ஒரே ஓர் எலி. மறுபடி செய்தால் வராமலும் போகலாம். எனக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போடத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

நம்மூர் பெர்ரி ஜாம் ஒரு பாட்டில் அனுப்புங்கள். உள்ளூர்ச் செய்தித்தாளில் சுற்றுங்கள், பழையதானாலும் சரி. படிப்பேன்.

பேருந்து வருகிறது, முடிக்கிறேன். தம்பி டெக்லனுக்கு முதுகைத் தட்டிச் சளி எடுக்கும்போது என்னைப் பற்றிக் கேட்பான். எலியைப் பற்றிச் சொல்லாதீர்கள், மருந்து வந்துவிட்டது என்றே நம்பிவிடுவான். அக்கா இன்னும் ஈரல்தான் தின்கிறாள் என்று சொல்லுங்கள்.

நோரீன்