பன்னிரண்டு சூரியன் அகலம்

அன்பு மகளுக்கு,

எடை அளவு முத்திரைத் துறை ஆய்வாளரும் உன் தகப்பனுமாகிய நான் எழுதுவது. நானும் உன் அம்மாவும் குறைவின்றி இருக்கிறோம்; காற்று மெலிந்த மலை உச்சியில் வேலை செய்யும் நீ எங்களைவிடவும் நலமாக இருக்க வேண்டும். இக்கடிதத்தின் நோக்கம் இரண்டு. ஒன்று வீட்டுச் செய்தி, மற்றொன்று உன் நட்சத்திரம். இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் பொறுத்துக்கொள்.

அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, ஆள் வருகிறேன் என்கிறார், வருவதில்லை. உன் சித்தப்பா தன் தையல் கடைக்குப் புதிதாக விளக்குப் பலகை மாட்டியிருக்கிறான். உன் நட்சத்திரத்தைப் பற்றி நான் முதலில் கேள்விப்பட்டது அந்தக் கடையில்தான். பெற்றவன் கேள்விப்படும் இடமா அது? தைத்த காற்சட்டையை வாங்கப் போனவனை நாலு பேர் நடுவில் நிறுத்தி, "அண்ணே, பாப்பா ஒரு ராட்சச நட்சத்திரத்தை அளந்திருக்கா, உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டான். சொன்னாள் என்று பொய் சொன்னேன். கடமையில் இருக்கும்போது நான் பொய் சொன்னதில்லை, அன்று விடுமுறை. உடனே கழுத்திலிருந்த இஞ்சு டேப்பை உருவி மேசைமேல் நீட்டினான். "தெக்கு வானத்துல இருக்காம், நம்ம பக்கம் உதிக்கவே உதிக்காதாம். பேருதான் ராட்சசன், வெறுங்கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோ தூரம். சூரியனைவிடச் சூடு கம்மி, அதான் ஆரஞ்சு நிறம். வெளிச்சம் மட்டும் அம்பது சூரியன். வரிசையா இருபத்துநாலு சூரியனை அடுக்கினா அதோட அகலம்" என்றான். பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்தால் அதற்குமேல் எண்ணெய் வார்த்தாள் உன் அம்மா. உங்கள் வானாய்வகத்துக்கு விருந்தினர் ஒருவரை மட்டும் அழைக்கலாமாம், நீ சித்தப்பாவை அழைத்திருக்கிறாயாம். "உங்களுக்கு லீவு கெடைக்காதுன்னு நெனச்சிருப்பா" என்று சமாதானம் வேறு. என் கணக்கில் சேர்ந்திருக்கும் விடுப்புக்கு நான் கப்பலிலேயே வந்து திரும்பலாம். கேட்டிருந்தால் அல்லவா சொல்லியிருப்பேன்? தராசு என்றால் என்னவென்று உனக்குக் காட்டியவன் நான். அவன் உனக்குக் கவுன் தைத்தான், அவ்வளவுதான்.

ஆகவே நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்துவந்து சரிபார்த்தேன்; சரிபார்ப்பது என் தொழில். ஒரு நட்சத்திரத்தின் சூடும் அகலமும் தெரிந்தால் அதன் ஒளி எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுவிடலாம் என்கிறது புத்தகம். ஆரஞ்சு நிறத்துக்கு அதே புத்தகம் சொல்லும் சூட்டை வைத்து, இருபத்துநான்கு என்று போட்டால் ஒளி இருநூறு சூரியனைத் தாண்டுகிறது. பன்னிரண்டு என்று போட்டால்தான் ஐம்பது வருகிறது. தவறு எங்கே என்று உடனே பிடிபட்டது. சூரியனின் ஆரத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு ஆரம் என்று நீ சொல்லியிருப்பாய். ஆரம் என்றால் பாதி அகலம். மடித்துப் போட்ட துணியில் பாதி அளவு குறித்து இரட்டிப்பவன் அல்லவா அவன், இதையும் இரட்டித்துவிட்டான். சூரியனுக்கும் பாதிதானே எடுத்திருக்கிறோம், இரட்டிக்க என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. அவன் அங்கே வந்து, உன்னோடு வேலை செய்பவர்கள் முன்னால் டேப்பை நீட்டி இருபத்துநாலு என்பான், அவர்கள் சிரிப்பார்கள், நடக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "உங்க தம்பி அங்க தலை குனிஞ்சா, வாடுறது யார் முகம்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நேற்று இடுப்பளவைச் சற்றுத் தளர்த்தித் தரச் சொல்லிப் போனபோது மீதியையும் சொன்னான். அத்தனை பெரிய உடம்புக்கு எடை மட்டும் சூரியனைவிட ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதலாம். சராசரியாகப் பார்த்தால் நாம் மூச்சுவிடும் காற்றைவிட அடர்த்தி இல்லையாம். பார்வைக்கு மலை, தூக்கினால் பஞ்சு. "அப்பா இங்க வந்தா எடைக் குறைவுன்னு இந்த நட்சத்திரத்துக்கே சீல் வெச்சிடுவார்னு சொல்லி பாப்பா ஒரே சிரிப்புண்ணே" என்றான். சீல் வைத்திருப்பேன், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் குளிரில் அதை அளந்துகொண்டிருந்தபோது உனக்கு என் தராசு நினைவுக்கு வந்திருக்கிறது. அதையும் அவனிடம்தான் சொல்லியிருக்கிறாய். இருக்கட்டும்.

நீ அளப்பதெல்லாம் சரியாக அமையட்டும். நோய்நொடி இல்லாமல் நீடூழி இரு. கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே இறங்காதே. அடுத்த முறை விருந்தினர் அனுமதிக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், விதிகள் என்ன என்பதை மறவாமல் எழுது. இதை அஞ்சலில் சேர்த்துவிட்டு நான் நேரே தையல் கடைக்குப் போகிறேன். வாடிக்கையாளர் எவரும் இல்லாத நேரம் பார்த்து, பொத்தான் தைப்பவருக்கும் கேட்காமல், பன்னிரண்டுதானடா, இரட்டிக்காதே என்று அவன் காதில் மட்டும் சொல்லப் போகிறேன்.

இப்படிக்கு,
இன்னும் அழைக்கப்படாத விருந்தினன்,
உன் அப்பா