கட்டைவிரல் கனத்தில் ஒரு தண்டு

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் அவளுடைய முழங்கால் வலியும் குறைவின்றி இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். புரோகிராமிங் பாடத்தை விட்டுவிடப்போவதாக எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. இயந்திரவியல் படிக்கிறவளுக்கு அது எதற்கு, வெறும் தட்டச்சு வேலை என்று போன விடுமுறையில் சொன்னவன் நான்தான், மறக்கவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் நடந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பத்து டன் தூக்கும் கிரேன் ஒன்றில் கயிற்று உருளையைச் சுழற்றும் தண்டை வடிவமைக்கிறோம். நான் கையால் கணக்குப் போட்டேன், மணிக்கட்டுக் கனம் வந்தது. புதிதாகச் சேர்ந்த பொறியாளன் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றில் போட்டான், கட்டைவிரல் கனம் போதும் என்றது. நான் சிரித்துவிட்டேன், மேலாளர் நம்பிவிட்டான். யாரென்று உனக்குத் தெரியும், கல்லூரியில் என் விடைத்தாளைப் பார்த்து எழுதியே தேறி, பிறகு என் தலைக்கு மேல் ஏறி உட்கார்ந்த அதே சிரிப்பு மன்னன். கூடப் படித்ததையே மறந்தவன் போல அவன், நீங்க பழைய ஆளு, எதையும் ரெட்டிப்பாத்தான் போடுவீங்க, தப்புன்னா எந்த வரியில தப்புன்னு காட்டுங்க சார் என்றான், எல்லோர் முன்னாலும். திரையைப் பார்த்தேன். தப்பு என்று உடம்பெல்லாம் தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை. எழுதியவனே சொல்லட்டும் என்று அந்தப் புதியவனைக் கேட்டேன். நான் எழுதல சார், எங்கயோ கிடைச்சுது, எடுத்துப் போட்டேன், விடை வந்துச்சே என்றான். பட்டம் வாங்கிய மூன்று பேர் ஒரு திரைக்கு முன்னால் நிற்கிறோம், ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. அந்தக் கிரேனுக்குக் கீழேதான் ஆட்கள் நின்று வேலை செய்யப்போகிறார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. மாதக் கடைசிக்குள் தப்பைக் காட்டாவிட்டால் வேறொருவன் போட்டுவிடுவான்.

எவ்வளவு படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாயே, அதிலேயே விழுந்து கிடக்கச் சொல்லவில்லை. எந்த வரி என்று எவனாவது கேட்டால் விரல் வைக்கிற அளவுக்குப் படி.

இத்துடன் அந்தப் புரோகிராமை அச்செடுத்து வைத்திருக்கிறேன், என் கணக்கும் பின்னால் இருக்கிறது. பாதிப் பாடம் முடித்திருப்பாய் அல்லவா, அது போதுமா பார். போதாவிட்டால் உன் பேராசிரியரைக் கேள், அப்பாவுக்காக என்று சொல்லவேண்டாம். அம்மாவிடமும் மூச்சுவிடாதே, இவர் புத்தி சொல்றாராம் புத்தி என்று, உன்னிடம் அது தட்டச்சு வேலை என்று நான் சொன்ன அன்றைக்கே சிரித்தவள்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொள். பார்த்ததும் போன் செய், நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு, முதலில் எந்த வரி என்று சொல்.

உன் அப்பா